வாய்ப்புற்றும் அறுவையின் எல்லையும்

மலாக்கா நகரிலிருந்து மூவாருக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில் ஜாசின் மாவட்டத்தில் அமைந்த ஊர் மெர்லிமாவ். மலாயாவின் இரப்பர் வரலாறு இவ்வூரை அடுத்த வட்டாரங்களிலேயே தொடங்கிற்று எனலாம். மலாக்காவைச் சேர்ந்த தான் சே யான் என்னும் சீனப் பெருமகனார் 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் வாணிக நோக்குடன் இரப்பர் கன்றுகளை நட்டார். பின்னர் ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் ஒன்றை எழுப்பினார். அதன் பின்னர் மலாக்காப் பகுதியெங்கும் காடு தோட்டமாயிற்று. தோட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்தது. வந்தவர்கள் தம்முடன் மொழியையும் மாரியம்மனையும் கொண்டுவந்தார்கள். வெற்றிலைச் சுருக்குப்பையையும் கொண்டுவந்தார்கள்.

அவர்களோடு ஒரு நம்பிக்கையும் கடல் கடந்து வந்தது. “புற்றின்மேல் கத்தி படலாகாது, பட்டால் பரவிவிடும்” என்பது அது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் தோட்டத்து லயங்களிலும் ஒருங்கே வழங்கிவரும் இக்கூற்றை அறியாமை என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவார் உளர். ஆயினும் மக்கள் வழக்கில் நெடுங்காலம் நிலைத்த ஒரு கூற்று, ஏதேனும் ஓர் அனுபவத்தின் மேல் எழுந்ததாகவே இருத்தல் வேண்டும். அவ்வனுபவம் யாது, அதிலிருந்து பெறப்பட்ட முடிவு ஏன் பிழையாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வாய்ப்புற்றைப் பற்றிய மருத்துவ வரலாறு அதற்குத் தெளிவான விடை கூறுகின்றது. அவ்வரலாற்றின் முதல் ஏடுகள் தமிழகத்தின் தென்கோடியில் எழுதப்பட்டன என்பது தமிழர் பலரும் அறியாத செய்தி.

வெற்றிலையும் புகையிலையும்

வெற்றிலை பாக்கு அருந்தும் வழக்கம் தமிழரிடையே மிகப் பழமையானது. சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில், மாதரி மனையில் உணவருந்திய கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் தருகின்றாள். அதுவே அவள் அவனுக்கு ஆற்றிய இறுதி உபசாரம் ஆயிற்று. திருமணத்தை உறுதி செய்யும் நிச்சய தாம்பூலம் முதல் விருந்தினர்க்கு விடை கொடுப்பது வரை வெற்றிலை இல்லாத மங்கலம் தமிழரிடையே இல்லை. மலாய் மக்களிடத்தும் சீரே என்னும் பெயரால் அதே சிறப்பு வெற்றிலைக்கு உண்டு.

புகையிலையோ பின்னர் வந்தது. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அதைக் கீழைக் கடற்கரைகளுக்குக் கொண்டுவந்து பரப்பியவர்கள் போர்த்துக்கீசர். 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய அதே போர்த்துக்கீசர் வழியாகவே தமிழகக் கரையும் அச்செடியை அறிந்தது. வந்த சில தலைமுறைகளில் அது தமிழ் வாழ்வில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்குச் சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய ‘புகையிலை விடு தூது’ என்னும் சிற்றிலக்கியமே சான்று. மேகத்தையும் அன்னத்தையும் தூது விட்ட மரபில் புகையிலையும் தூது செல்லும் தகுதி பெற்றுவிட்டது. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் அது பணப்பயிராயிற்று. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் ஆகிய மூன்றோடு நான்காவதாகச் சேர்ந்து, மங்கலப் பொருளாக இருந்ததை ஓயாப் பழக்கமாக மாற்றிற்று.

தோட்ட வாழ்வு அப்பழக்கத்துக்கு ஏற்ற நிலமாக அமைந்தது. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நிற்றல் வேண்டும். வெயில் ஏறுமுன் மரங்களைச் சீவி முடித்தல் வேண்டும். பால் எடுத்து நிறுத்த பின்னரே வயிற்றைப் பற்றிய நினைவு வரும். அந்நேரம் வரை பசியையும் அயர்வையும் அடக்க வாயில் அடக்கிய புகையிலை உதவிற்று. ஆண்களுக்கு மாலையில் கள்ளும், பின்னர்ச் சம்சு என்னும் மலிவான சாராயமும் துணையாயின. பெண்களுக்கு வெற்றிலை ஒன்றே பொழுதுபோக்கு. உறங்கும்போதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்தே உறங்கும் வழக்கமும் சிலரிடத்தில் இருந்தது. இக்கன்ன ஒதுக்கமே பின்னர் வரும் வரலாற்றின் மையமாக அமைகின்றது.

நெய்யூர் ஏடுகள்

இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர், 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரையும் அதன் வழிவந்த திருவாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்தது. அங்கு இலண்டன் மிஷன் சபையார் 1838ஆம் ஆண்டில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அப்பணி நாளடைவில் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. அங்கு வந்த புற்றுநோயாளருள் வாயில் புற்றுடையோர் வியப்புக்குரிய அளவில் மிகுந்திருந்தனர். ஐரோப்பாவில் பயின்று வந்த மருத்துவர்களுக்கு இது புதுமையாக இருந்தது. அவர்கள் நாட்டில் இந்நோய் இத்துணை மிகுதியாகக் காணப்படுவதில்லை.

சென்னையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் நிப்லாக் 1902ஆம் ஆண்டிலேயே கன்னப் புற்றையும் வெற்றிலை மெல்லுதலையும் இணைத்து எழுதினார். 1908ஆம் ஆண்டில் நெய்யூர் மருத்துவர்களாகிய ஃபெல்ஸ், பென்டால் ஆகிய இருவரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தனித்தனியே கட்டுரை வெளியிட்டனர். ஃபெல்ஸ் வாய்ப்புற்றுக்காகச் செய்யப்பட்ட 209 அறுவைகளை ஆராய்ந்தார். பென்டால் 1,700 புற்றுநோயாளரின் செய்திகளைத் தொகுத்தார். அறுவை மயக்க முறைகள் இன்னும் முதிராத அந்நாளில், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் எவையும் இல்லாத அந்நாளில், ஒரு சிற்றூர் மருத்துவமனையில் இத்தனை அறுவைகள் நிகழ்ந்தன என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

எவரெஸ்டு மலையேற்றக் குழுக்களில் 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் பங்கு கொண்ட ஹோவர்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர், அம்மலையை விட்டு நெய்யூரைத் தம் பணிக்களமாகத் தெரிந்தெடுத்தார். ரேடியச் சிகிச்சையும் அம்மருத்துவமனையில் இடம் பெற்றது. அங்குப் பணியாற்றிய ஐயன் ஆர் என்பவர் 1933ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் இன்றளவும் மேற்கோளாகக் காட்டப்படுகின்றது. வெற்றிலை மெல்லுவோர் எல்லாரிடத்தும் நோய் ஒரே அளவில் தோன்றவில்லை. புகையிலை சேர்த்து மெல்லுவோரிடத்தும், அதனை நெடுநேரம் வாயில் ஒதுக்கி வைப்போரிடத்துமே அது மிகுந்து தோன்றுகின்றது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பழக்கத்தின் பெயரை மட்டும் கூறாமல் அதன் அளவையும் காலத்தையும் கூற முற்பட்டமையே அவ்வாய்வின் சிறப்பு.

சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றிற்று. அந்நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் 1959ஆம் ஆண்டில் வாய்ப்புற்றின் காரணங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அன்னியர் தொடங்கிய ஏட்டைத் தமிழகத்து மருத்துவரே தொடர்ந்து எழுதும் காலம் அதனால் பிறந்தது.

மலாயாவின் சான்றுகள்

கடல் கடந்த தமிழரிடத்தும் இந்நோய் தொடர்ந்து வருகின்றதா என்பது ஆராய்ச்சியாளருக்கு இன்றியமையாத வினாவாக இருந்தது. நோய்க்கு மண்ணும் தண்ணீரும் காரணமாயின், மண் மாறியபோது நோயும் மாறியிருத்தல் வேண்டும். பழக்கம் காரணமாயின், பழக்கம் சென்ற இடமெல்லாம் நோயும் சென்றிருத்தல் வேண்டும். மலாயாவும் சிங்கப்பூரும் இவ்வினாவுக்கு விடை கூறும் இடங்களாக அமைந்தன. ஒரே மண்ணில், ஒரே வெயிலில் மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் அடுத்தடுத்து வாழ்ந்தமையே அதற்குக் காரணம்.

மார்ஸ்டன் என்பவர் 1958ஆம் ஆண்டில் மலாயாவில் புற்றுநோய் இனவாரியாகப் பரவியுள்ள நிலையை ஆராய்ந்து எழுதினார். 1960ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அறிஞர்களாகிய மியூரும் கிர்க்கும் வெற்றிலை, புகையிலை, வாய்ப்புற்று ஆகிய மூன்றன் தொடர்பைப் பற்றி ஆராய்ந்தனர். 1966ஆம் ஆண்டில் அலுவாலியாவும் டுகிட்டும் மலாயாவில் காணப்பட்ட புற்றுக்கட்டிகளைத் தொகுத்தனர். 1976ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து டாக்டர் கே. இராமநாதன், தீபகற்ப மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரிடையே வேறுபடும் பாங்கை எடுத்துக்காட்டினார். இவையனைத்தும் கூறும் செய்தி ஒன்றே: மக்கள்தொகையில் சிறுபான்மையினராகிய இந்தியர், வாய்ப்புற்று நோயாளர் பட்டியலில் தம் எண்ணிக்கைக்கு மீறிய இடத்தைப் பெற்றிருந்தனர்.

மலேசிய நாடு முழுவதும் 1993, 1994 ஆகிய ஆண்டுகளில் 25 வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரின் வாய் பரிசோதிக்கப்பட்டது. புற்றாக மாறக்கூடிய வெண்படலம் முதலிய மாற்றங்கள் இந்தியரிடத்தில் நூற்றுக்கு 4.0 பேருக்கும், சபா சரவாக்கைச் சேர்ந்த பூர்வ குடிகளிடத்தில் 2.5 பேருக்கும், சீனரிடத்தில் 0.5 பேருக்கும் காணப்பட்டன. சபா சரவாக் மக்களிடத்தும் வெற்றிலைப் பழக்கம் உண்டு என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. குற்றம் குருதியில் இல்லை, பழக்கத்தில் உள்ளது என்பதை இவ்வெண்கள் வலியுறுத்துகின்றன.

டாக்டர் இராமநாதன் 1981ஆம் ஆண்டில் மற்றொரு கருத்தையும் முன்வைத்தார். பாக்கு மெல்லுவோர்க்கு வாயின் உட்தோல் தடித்து இறுகி, வாயைத் திறக்கவே இயலாத நிலை உண்டாவதுண்டு. 1952ஆம் ஆண்டில் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடத்தில் இந்நோய் விவரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பம்பாயில் ஜோஷி என்பவர் இதற்குப் பெயரிட்டார். இரும்புச் சத்துக் குறைவால் மெலிந்த உட்தோலே இதற்கு இடம் தருகின்றது என்பது இராமநாதனின் கருத்து. இந்நாளைய ஆய்வாளர் பாக்கையே முதற்காரணமாகக் கொள்கின்றனர். எனினும் மலேசிய மருத்துவர் ஒருவர் நோயைப் பழக்கத்தோடு மட்டும் இணைக்காமல் ஊட்டக் குறைவோடும் இணைத்துப் பார்த்தது, தோட்ட வாழ்வை அறிந்தோர்க்கு வியப்பளிக்காது.

காய்ச்சலுக்கு மருந்து, வாய்க்கு இல்லை

தோட்டத்து மருத்துவம் தோன்றியதன் நோக்கத்தை அறிந்தால், வாய்ப்புற்று அங்கே நெடுங்காலம் காணப்படாமற் போனதன் காரணம் விளங்கும். தொழிலாளர் பலரை மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் கொன்றன. வேலைக்கு வந்த ஆள் வேலை செய்யத் தக்க உடலோடு இருத்தல் வேண்டும் என்பதே தோட்ட மருத்துவமனைகளின் முதல் நோக்கம். கொயினா மருந்து பெரட்டில் வழங்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் எண்ணெய் தெளிக்கப்பட்டது. புண்ணுக்குக் கட்டுப்போட டிரசர் ஒருவர் இருந்தார். இவை பல்லாயிரம் உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை.

வாய்ப்புற்றோ காய்ச்சலைப் போல் ஆளை ஒரே நாளில் வீழ்த்துவதன்று. முதலில் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு தடம் தோன்றும். அது வலிப்பதில்லை. பின்னர் ஆறாத புண்ணாகும். அப்போதும் வலி சிறிதே. காரம் எரியும்; அதற்குக் காரத்தைக் குறைத்துக்கொள்வார்கள். பல் ஆடும், பல்லைப் பிடுங்கிக்கொள்வார்கள். அவரால் மரம் சீவ இயலும் வரை அவர் நோயாளர் ஆகார். கழுத்தில் நெறி கட்டி, வாய் திறவாமல், கன்னம் துளைபட்ட பின்னரே அவர் மலாக்கா நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார். அவ்வாறு செல்வதற்குள் ஒரு நாட்கூலி மட்டுமன்றிப் பல மாதங்களும் கழிந்திருக்கும். இங்கே ஒருவரைக் குறை கூறுவது எளிது. ஆனால் நோயை வேலைநாளால் அளந்த ஓர் அமைப்பு, வேலையைத் தடுக்காத நோயைக் காணத் தவறியது என்பதே வரலாற்று உண்மை.

எல்லை என்பது யாது?

இனி அறுவை மருத்துவத்துக்கு வருவோம். கட்டி ஒன்றை வெட்டி எடுப்பது அதன் உருவத்தை மட்டும் எடுப்பதன்று. புற்று தன் விளிம்பில் கோடு கிழித்தாற்போல் நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேர்களைச் சுற்றிலும் செலுத்துகின்றது. ஆதலின் கட்டியைச் சுற்றி நலமாகத் தோன்றும் சதையையும் ஓரளவு சேர்த்து வெட்டுவது முறை. அவ்வாறு சேர்த்து வெட்டப்படும் நலமுள்ள பகுதியே அறுவையின் எல்லை எனப்படும். வயலில் களை பிடுங்குவோன் வேரைச் சுற்றிய மண்ணோடு பெயர்த்தெடுப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

வெட்டி எடுத்த பகுதி நோயியல் அறிஞரிடம் செல்லும். அவர் அதன் ஓரங்களுக்கு மை தடவி, மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பார். மை தடவிய ஓரத்துக்கும் கடைசிப் புற்றணுவுக்கும் இடையே 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் எல்லை தூயது. 1 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நெருங்கியது. 1 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் நோய் தொட்டது என்பது பரவலாகக் கொள்ளப்படும் பகுப்பு. சதை உடலினின்று பிரிந்த உடனே சுருங்கும். மருந்து நீரில் இட்டபின் மேலும் சுருங்கும். ஆதலின் நுண்ணோக்கியில் 5 மில்லிமீட்டர் காண விரும்பும் மருத்துவர், அறுவை மேசையில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் விட்டு வெட்டுதல் வேண்டும்.

இச்சிறு அளவு நோயாளரின் வாழ்வை எத்துணை மாற்றுகின்றது என்பதை எண்கள் கூறும். நியூயார்க் நகரத்து மெமோரியல் மருத்துவமனையைச் சேர்ந்த லூசர், ஷா, ஸ்டிராங் ஆகியோர் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், எல்லையில் நோய் எஞ்சியவருள் நூற்றுக்கு 71 பேருக்குப் புற்று அதே இடத்தில் மீண்டும் தோன்றியது. எல்லை தூயதாக இருந்தவருள் 32 பேருக்கே தோன்றியது. லோரியும் ஸ்டிராங்கும் 1990ஆம் ஆண்டில் வாய்ப்புற்று நோயாளர் 398 பேரை ஆராய்ந்தபோது இவ்வெண்கள் முறையே 36, 18 என்றிருந்தன. இரண்டு ஆய்வுகளின் அளவு வேறுபடினும், எல்லை தூயதாயின் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகின்றது என்பதில் இரண்டும் ஒத்துள்ளன.

எல்லை தூயதாக இருந்தும் சிலருக்கு நோய் ஏன் திரும்புகின்றது என்று கேட்கலாம். 1953ஆம் ஆண்டில் ஸ்லாட்டர் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் துணைவரும் 783 நோயாளரை ஆராய்ந்து இதற்கு விளக்கம் தந்தனர். ஆண்டுக்கணக்கில் புகையிலையின் நஞ்சு தோய்ந்த வாயில் ஒரே ஓர் இடம் மட்டும் கெடுவதில்லை. வயல் முழுவதுமே கெட்டுக்கிடக்கின்றது. கட்டி என்பது அவ்வயலில் முதலில் முளைத்த களை மட்டுமே என்றனர். முதற்களையை வேரோடு எடுத்தாலும் பக்கத்தில் மற்றொன்று முளைக்கக்கூடும். அறுவைக்குப் பின்னரும் வெற்றிலைப் புகையிலையைத் தொடர்ந்தவர்க்கு நோய் மீளும் என்று மருத்துவர் எச்சரிப்பதன் அடிப்படை இதுவே.

வெட்டியதை ஈடு செய்தல்

அகன்ற எல்லை நன்று என்பது தெளிவாயின், எல்லா மருத்துவரும் அகலமாகவே வெட்டியிருக்கலாமே என்னும் ஐயம் எழும். வாய் அத்தகைய உறுப்பன்று. ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டினால் நாக்கு பேச்சை இழக்கும். தாடையெலும்பை எடுத்தால் முகம் சரியும். கன்னத்தை முழுத்தடிப்பில் எடுத்தால் உண்ட உணவு வெளியே வழியும். வெட்டிய பள்ளத்தை மூடும் வழி அறியாத காலத்தில், எவ்வளவு வெட்டலாம் என்பதை நோய் தீர்மானிக்கவில்லை. எவ்வளவை ஈடு செய்ய இயலும் என்பதே தீர்மானித்தது. நெய்யூரின் 1908ஆம் ஆண்டு அறுவைகள் இக்குறையோடு செய்யப்பட்டவையே.

இத்துறையின் வளர்ச்சி படிப்படியாக நிகழ்ந்தது. அமெரிக்காவின் கிரைல் 1906ஆம் ஆண்டில் கழுத்து நெறிகளை ஒரே தொகுதியாக அகற்றும் முறையை 132 அறுவைகளின் அனுபவத்தோடு விளக்கினார். 1963ஆம் ஆண்டில் மெக்கிரிகர் நெற்றித் தோலைக் கொண்டு வாயின் உட்புறத்தை மூடும் முறையை எழுதினார். நெற்றித் தோலை மடித்து மூக்கை ஈடு செய்யும் கலை இந்தியாவில் பல நூற்றாண்டுகளாக வழங்கியது என்பதை இங்கு நினைவு கூரலாம். 1965ஆம் ஆண்டில் பக்கம்ஜியான் மார்பு, தோள் பகுதித் தோலையும், 1979ஆம் ஆண்டில் ஏரியான் மார்புத் தசையையும் பயன்படுத்தினர். 1981ஆம் ஆண்டளவில் சீன மருத்துவர்கள் முன்கைத் தோலை அதன் குருதிக் குழாயோடு எடுத்து வேறிடத்தில் பொருத்தும் முறையை உலகுக்கு அளித்தனர். இவை முகத்தின் அழகைக் காக்கப் பிறந்த கலைகள் என்று மட்டும் கருதுவது குறைவு. பள்ளத்தை மூட இயலும் என்னும் துணிவு வந்த பின்னரே அறுவை மருத்துவரின் கத்தி உரிய எல்லை வரை செல்லும் உரிமை பெற்றது.

எல்லை தூயதாகாத நோயாளரைக் கைவிடும் நிலையும் மாறிற்று. அவர்களுக்கு அறுவைக்குப் பின் கதிர்ச் சிகிச்சையுடன் மருந்தையும் சேர்த்து அளித்தால் நன்மை உண்டு என்பதை 2004ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வெளிவந்த இரு ஆய்வுகள் காட்டின. பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையின் டாக்டர் டி’குரூசும் அவர்தம் குழுவினரும் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவிலிருந்து உலக மருத்துவத்தையே மாற்றிய ஒன்று. தொடக்க நிலை வாய்ப்புற்றில், கழுத்தில் நெறி தோன்றும் வரை காத்திராமல் முதல் அறுவையின்போதே நெறிகளையும் அகற்றியவருள் மூன்றாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு 80, காத்திருந்தவருள் 67.5. வாயில் காலத்தின் மதிப்பு எத்துணை என்பதை இதனினும் தெளிவாகக் கூற இயலாது.

நம்பிக்கையின் பிறப்பு

இப்போது தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை காணலாம். கத்தி பட்டால் புற்று பரவும் என்று தோட்டத்து மக்கள் கூறியது வெறும் கற்பனையன்று. அவர்கள் கண்டதையே கூறினார்கள். நோய் முற்றிய பின் ஒருவர் மருத்துவமனைக்குச் சென்றார், கத்தி வைக்கப்பட்டது, கட்டி தாடையையும் கழுத்தையும் எட்டியிருந்தமையால் தூய எல்லையைப் பெற இயலவில்லை, சில மாதங்களில் அதே இடத்தில் நோய் மீண்டது, முன்னினும் விரைவாக வளர்ந்தது. லயத்தில் இருந்தோர் கண்ணுக்குப் பட்டது இவ்வளவே: கத்தி பட்டது, பின்னர்ப் பரவியது. முன்னது பின்னதற்குக் காரணம் என்று அவர்கள் முடிவு கட்டினர். வெட்டின் ஓரத்தில் எஞ்சி நின்ற அணுக்களை அவர்களால் காண இயலவில்லை. அவற்றைக் கண்டவர் நோயியல் அறிஞர் ஒருவரே. அவர் கண்டது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மருத்துவத் தாளில் அடங்கிவிட்டது.

இதன் விளைவு கொடியது. கத்திக்கு அஞ்சியவர் காலம் தாழ்த்தினார். காலம் தாழ்ந்தமையால் கட்டி பெருத்தது. கட்டி பெருத்தமையால் எல்லை தூயதாகவில்லை. எல்லை தூயதாகாமையால் நோய் மீண்டது. நோய் மீண்டமையால் கத்தியைப் பற்றிய அச்சம் உறுதிப்பட்டது. ஒரு நம்பிக்கை தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் வட்டம் இது. அறுவை மருத்துவர் எவ்வளவு திறமையுடையவராயினும் இவ்வட்டத்தை அறுவை அறைக்குள் இருந்துகொண்டு உடைத்தல் இயலாது. எல்லை கத்தியால் மட்டும் அமைவதன்று. நோயாளர் எந்நாளில் வந்தார் என்பதாலும் அமைகின்றது. மலேசியாவில் வாய்ப்புற்று நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் முற்றிய நிலையிலேயே மருத்துவரை அடைகின்றனர் என்பது அந்நாட்டு மருத்துவர் பன்முறை எழுதியுள்ள செய்தி.

வட்டத்தை உடைக்கும் வழி வாயைத் திறந்து பார்த்தலே. நெய்யூருக்கு வடமேற்கே சில மணி நேரப் பயணத்தில் உள்ள திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1996ஆம் ஆண்டு முதல் 13 ஊராட்சிகளில் ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர் வீடு வீடாகச் சென்று, வெளிச்சத்தில் வாயின் உட்புறத்தைப் பார்த்தனர். ஐயம் தோன்றியவரை மருத்துவரிடம் அனுப்பினர். 2005ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேர்ந்த சாவு நூற்றுக்கு 34 விழுக்காடு குறைந்தது. அப்பழக்கமில்லாதவரிடத்தில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. யாரைத் தேடிச் சென்று பார்க்க வேண்டும் என்பதையும் இவ்வாய்வே கூறிவிட்டது. மலேசியச் சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவும் 1993–94ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பின்னர், தோட்டங்கள் போன்ற இடங்களுக்குச் சென்று வாயைச் சோதிக்கும் பணியை மேற்கொண்டது.

புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கு தீங்கற்றது என்று நெடுநாள் கருதப்பட்டது. 1985ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேர்ந்த வெற்றிலையே புற்றுக்குக் காரணம் என்று கூறி நின்றது. புகையிலை இல்லாததைப் பற்றி முடிவு கூறப் போதிய சான்று அன்று இல்லை. 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலோ, புகையிலை இல்லாத வெற்றிலையும் பாக்கும் மனிதர்க்குப் புற்றை உண்டாக்குவன என்று அறுதியிட்டது. கண்ணகி தந்த தாம்பூலத்தின் பெருமை இலக்கியத்தில் என்றும் நிற்கும். மண மேடையில் தட்டில் வைக்கும் வெற்றிலையால் எவர்க்கும் கேடில்லை. நாள் முழுதும் கன்னத்தில் ஒதுக்கும் வெற்றிலையே கேடு. மரபையும் பழக்கத்தையும் பிரித்தறியும் இத்தெளிவை மருத்துவரினும் தமிழாசிரியரே நன்கு ஊட்டவல்லர்.

மெர்லிமாவ் வட்டாரத்துத் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகிவிட்டன. லயத்தில் பிறந்தவரின் மக்கள் நகரங்களில் வாழ்கின்றனர். எனினும் முதியோர் பலரின் இடுப்பில் சுருக்குப்பை இன்னும் இருக்கின்றது. கத்தியைப் பற்றிய பழஞ்சொல்லும் அவர்கள் நாவில் இருக்கின்றது. மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணையோ, வெள்ளையாகவோ சிவப்பாகவோ தோன்றும் தடத்தையோ வாயில் கண்டவர் பல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். அச்சிறு தடத்தைச் சுற்றி 10 மில்லிமீட்டர் விட்டு வெட்டுவது எளிது. வாயில் அதற்கு அப்போது இடம் உண்டு. பழஞ்சொல்லைத் திருத்திக் கூற வேண்டுமாயின் இவ்வாறு கூறலாம்: புற்று பரவுவது கத்தி பட்டதால் அன்று, கத்தி காலம் கடந்து பட்டதால்.